குதிரை பார்க்க வருகிறவர்கள் எங்கே தங்கலாம்

யூன் 8, சனி

எங்கள் புது அறைக்கு இன்று முதல் விருந்தினர்கள் வந்தார்கள். இன்றே போயும்விட்டார்கள்.

வவுனியாவிலிருந்து வந்த ஒரு மாமாவும் மாமியும். காலைப் படகில் வந்து இறங்க, அப்பா ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நெடுந்தீவுக்கு வருகிற முக்கால்வாசிப் பேரைப் போல அவர்களும் குதிரை பார்க்கத்தான் வந்தார்கள். ஒரு காலத்தில் இங்கே ஆட்சி செய்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை, தெற்குப் பக்கத்துப் புல் வெளியில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. வெயில் ஏறினால் அவை கிட்ட வரா. தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். மாமா கமராவை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "தம்பி, இது ஆடோ குதிரையோ?" என்று கேட்டார்.

பின்னேரம் அவர்கள் இறங்குதுறைப் பக்கத்துப் புது விடுதிக்கு மாறிவிட்டார்கள். அங்கே ஏசி இருக்கிறது. அப்பாவே பெட்டியை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

"குதிரையை நான் என்ன கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கிறனே?" என்றார் வந்ததும்.

அம்மா குசினியிலிருந்து, "கணவாய்க் கறி வச்சாச்சு. இண்டைக்கு நாங்கள்தான் விருந்தாளியள். வாங்கோ, கதிரையில வடிவா இருந்து சாப்பிடுங்கோ" என்றார்.

மூன்று பேரும் சிரித்தோம். அப்பா வள்ளத்தை விற்றுத்தான் இந்த அறையைக் கட்டினார்.

யூன் 9, ஞாயிறு

இன்று ஒரு நல்ல வேலை செய்தேன். "குதிரை பார்க்க வருகிறவர்கள் எங்கே தங்கலாம்" என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதி அறைச் சுவரில் ஒட்டினேன். பள்ளிக்கூட நூலகத்தில் உள்ள பயண நூல்களில் ஆசிரியர்கள் நல்லதையும் குறையையும் சேர்த்தே எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதினேன்.

தங்காமல் பின்னேரப் படகில் திரும்புகிறவர்கள் குதிரையைப் பார்க்கப்போவதில்லை, வெயிலைத்தான் பார்க்கலாம். இறங்குதுறை விடுதி வசதியானது, ஆனால் குதிரைகள் இருக்கும் இடத்திலிருந்து தூரம். எங்கள் வீடு தெற்கே போகும் தெருவில் கடைசி வீடு. முருகைக்கல் மதிலுக்கு அப்பால் வெளி தவிர வேறொன்றும் இல்லை. ஏசி இல்லை. குளியலறைக்குள் தவளை வரும். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், இந்தப் பக்கத்தில் இப்படி ஒன்று வேறில்லை.

அம்மா வாசித்துவிட்டு, "தவளையை ஏன் எழுதினனீ?" என்றார்.

"உண்மைதானே அம்மா."

"உண்மையெண்டா உன்ர நகத்தைக் கடிக்கிற பழக்கத்தையும் எழுதி ஒட்டு."

குதிரை மதிலடிக்கு வரும் என்று எழுத ஆசையாக இருந்தது. வராததை எப்படி எழுதுவது?

யூன் 16, ஞாயிறு

வந்தது!

அம்மா உடுப்புத் தோய்க்கும் கல்லிலிருந்து அழுக்குத் தண்ணீர் மதிலுக்கு அடியால் ஓடி வெளியே ஒரு பள்ளத்தில் தேங்கும். பொழுது சாய்கிற நேரம் நான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால், அந்தச் சவர்க்காரத் தண்ணீரை ஒரு தாய்க் குதிரை குடித்துக்கொண்டு நிற்கிறது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பின்னால் ஒரு குட்டி. கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். அது தண்ணீரைக் குடிக்கவில்லை. தாய் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மழை பெய்து எவ்வளவோ நாளாயிற்று. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும்.

தாய்க்குச் சுட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். குட்டிக்கு இன்னும் யோசிக்கவில்லை.

யூன் 22, சனி

எல்லாம் என்னுடைய யோசனை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு அப்பா தன்னுடையது என்று சொன்னாலும் சொல்வார்.

மாடு வைத்திருந்த காலத்துச் சீமெந்துத் தொட்டி ஒன்று வேலிக்கரையில் கிடந்தது. அதை மதிலுக்கு வெளியே, விறாந்தையில் கதிரை போட்டு இருந்தால் நேராகத் தெரியும் இடத்தில் வைத்தோம். ஒவ்வொரு பின்னேரமும் கிணற்றிலிருந்து அள்ளி அதை நிரப்புவது என் வேலை. முதல் இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் சுட்டியும் குட்டியும். இன்று இன்னும் ஐந்தாறு, ஒரு ஆண் குதிரையும் கூட.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தகர வாளியைக் கவிழ்த்த பிறகு கடைசிச் சொட்டும் விழட்டும் என்று தொட்டி விளிம்பில் இரண்டு தரம் தட்டுவேன். டங், டங். அந்தச் சத்தத்தைக் கேட்டால் சுட்டி தலையைத் தூக்குகிறது. மற்றவை அதன் பின்னால் வருகின்றன.

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. "என்ர பிள்ளை படிச்ச பிள்ளையப்பா!" என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னார்.

அம்மா மட்டும், "கோடை இன்னும் கிடக்கு" என்றார்.

யூலை 6, சனி

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அன்ரி குடும்பமாக வந்திருக்கிறார். அக்சரா என்று ஆறு வயதுப் பிள்ளை. பிளேன்ரீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார்கள். நான் போய் டங், டங் என்று தட்டினேன். அந்தி வெளிச்சத்தில் குதிரைகள் வரிசையாக வந்தபோது அன்ரி பேச்சை நிறுத்திவிட்டார்.

அக்சரா தன் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள். "அம்மா, ரெண்டும் ஒரே கலர்!"

அதோடு குட்டியின் பெயர் பிஸ்கட். நான் புத்தகங்களில் தேடித் தேடி வைத்திருந்த பெயர்களெல்லாம் வீண்.

அன்ரி போனிலேயே எங்களைப் பற்றி எழுதிப் போட்டார். "குதிரை பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் தங்க வேண்டும், குதிரைகள் வாசலுக்கே வந்து உங்களைப் பார்க்கும்." நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

யூலை 13, சனி

அறை ஒரு நாளும் காலியில்லை. அப்பாவும் அம்மாவும் விறாந்தையில் படுக்க, அவர்களுடைய அறையும் விருந்தினருக்குப் போய்விட்டது. கிணற்றுக்கு மோட்டர் பூட்டியாயிற்று. கூரைக்கு மேல் கறுப்பு நிறத்தில் தண்ணீர்த் தாங்கி. இப்போது தொட்டியைக் குழாயிலேயே நிரப்பிவிடுகிறேன். குதிரைகளுக்கு வாளிச் சத்தம்தான் பழக்கம் என்பதால் வெறும் வாளியைத் தட்டுகிறேன்.

டிலானி வகுப்பில் எல்லோருக்கும் முன்னால், "சாம்பவியின்ர ஹோட்டல் குதிரையளுக்கு இண்டைக்கு என்னவாம் சாப்பாடு? புட்டும் முட்டைப் பொரியலுமோ?" என்று கேட்டாள்.

"உனக்குப் பொறாமை."

"எனக்கென்னத்துக்குப் பொறாமை? எங்கட பக்கத்துத் துரவடியில இப்ப ஒரு குளம்படியும் இல்லையடி. எல்லாத்தையும் நீ கொண்டுபோட்டாய்."

டிலானியின் வீடு தெற்குக் கரையோரம், எங்கள் வீட்டிலிருந்து வெளியைக் கடந்து போக வேண்டும். அங்கேதான் துரவு இருக்கிறது. கிணறு போல ஆழமில்லை, சரிவாக வெட்டிய பள்ளம். குதிரைகளும் மாடுகளும் நடந்து இறங்கிக் குடிக்கும். கோடைக்கு மற்றக் குளங்களெல்லாம் வற்றினாலும் அது மட்டும் வற்றாது.

யூலை 21, ஞாயிறு

வற்றாது என்று போன முறை எழுதினேன். தானாக அல்ல. காற்று அடித்து அடித்து மண் உள்ளே விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆடியிலும் ஒரு ஞாயிறு அப்பாவும் டிலானியின் அப்பா சூசைதாசன் மாமாவும் இன்னும் சிலரும் இறங்கித் தூர் அள்ளுவார்கள். பிறகு ஊற்று வரும்.

இன்று மாமா மண்வெட்டியோடு எங்கள் படலையடிக்கு வந்தார். வீட்டில் இரண்டு குடும்பம் விருந்தினர். அப்பா அவர்களைக் கோட்டை பார்க்கக் கூட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடாப்பா, துரவுக்கு வரேல்லையே?"

"குதிரையெல்லாம் என்ர வீட்டு வாசல்ல நிக்குது. நீ ஆருக்குத் தூர் அள்ளப்போறாய், நண்டுக்கோ?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அதுவும் சரிதான். என்ர மாட்டையும் வித்துப்போட்டன். எனக்கும் குனிஞ்சா நாரி நோகுது. நீயே பாத்துக்கொள்."

அவரும் போய்விட்டார். இந்த வருடம் ஒருவரும் போகவில்லை. எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் கோட்டைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். விருந்தினருக்கு நான்தான் விளக்கம் சொன்னேன்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ளதை இன்று விருந்தினருக்குப் படம் கீறிக் காட்டினேன். கடல் சூழ்ந்த சின்னத் தீவில் நிலத்துக்குக் கீழேயும் உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது. மழைத் தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் அதன் மேல் ஒரு மெல்லிய வில்லை போல மிதக்கிறது. எங்கள் கிணறு தொடுவது அந்த வில்லையைத்தான்.

திருகோணமலையிலிருந்து வந்த மாஸ்ரர் ஒருவர், "அப்ப கனக்க இறைச்சா?" என்று கேட்டார்.

"கீழே இருக்கிற உப்புத் தண்ணி மேல வரும் சேர்" என்று சொன்னேன்.

"வெரி குட்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மோட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் நான் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

அம்மா காலையில் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"சீனி காணாது" என்றேன்.

"சீனி போட்டனான்."

தலையணை உறைகள் எல்லாம் தோய்த்துக் காயப்போட்டோம்.

ஓகஸ்ட் 14, புதன்

கிணற்றுத் தண்ணீர் உப்பேறிச் சவராகிவிட்டது. சோறு கரிக்கிறது, சவர்க்காரம் நுரைக்கவில்லை. அப்பா மோட்டரை நிறுத்தி, வயரையும் கழற்றி வைத்துவிட்டார். இனிப் பவுசர் லொறியில் வருகிற தண்ணீர்தான். அது வாரத்துக்கு ஒரு தரம் சந்திக்கு வரும், வீட்டுக்கு இத்தனை கான் என்று அளந்து கொடுப்பார்கள்.

தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீரையே விட்டுப் பார்த்தேன். சுட்டி மூக்கை வைத்தது, எடுத்தது. என்னைப் பார்த்தது.

ஓகஸ்ட் 16, வெள்ளி

குதிரைகள் வெறும் தொட்டியைச் சுற்றி நிற்கின்றன. பிஸ்கட் தொட்டிக்குள் தலையைவிட்டு அடிச் சீமெந்தை நக்குகிறது.

"ரெண்டு நாளில அதுகள் பழைய இடத்துக்குப் போயிடும்" என்கிறார் அப்பா.

"போகாட்டி?"

"அதுகள் காட்டுக் குதிரையள் பிள்ளை. நாங்கள் பிறக்க முதலே இஞ்ச இருக்குதுகள். எங்களைக் கேட்டே தண்ணி குடிச்சதுகள்?"

ஓகஸ்ட் 20, செவ்வாய்

அப்பா சொன்னது சரி. இன்று காலை மதிலடியில் ஒன்றும் இல்லை. தெற்கே தூரத்தில் புள்ளிகள் அசைவதைக் கண்டேன். நன்றாகப் படிக்க முடிந்தது. இரண்டு பாடம் முடித்தேன்.

ஓகஸ்ட் 24, சனி

இன்று வாளியைத் தட்டினேன்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் அறைகளைக் கூட்டினேன். படுக்கை விரிப்புகளை உதறினேன், தண்ணீர் இல்லாததால் தோய்க்கவில்லை. படம் பிடிக்க வந்தவர்கள் காலைப் படகில் போய்விட்டார்கள். நல்ல மனிதர்கள். கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல்களில் மிச்சத்தை எங்களுக்கே தந்துவிட்டுப் போனார்கள். கணிதத்தில் வட்டத்தின் பரப்பளவு முடித்தேன். மத்தியானம் பருப்பும் சோறும்.

குதிரைகள் மதிலடியில் நிற்கின்றன.

ஓகஸ்ட் 28, புதன்

டிலானி சைக்கிளில் வந்தாள். பள்ளி விடுமுறையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. படலைக்கு உள்ளே வராமல் மதிலோடு வெளியே போய்க் குதிரைகளைப் பார்த்துவிட்டு வந்தாள். நக்கல் ஒன்றும் அடிக்கவில்லை.

"எங்கட பக்கம் வந்ததுகளடி. போன கிழமை. துரவுக்குள்ள இறங்கிக் காலால கிண்டிக்கொண்டு நிண்டதுகள். அது முழுக்க மண். அடியில சேறு மட்டும்தான். எங்கட ஐயா பாத்திட்டு, நாங்கள் அள்ளி விடுவம், ரெண்டு நாள் பொறுங்கோ எண்டு குதிரைக்குச் சொல்லுறார். பிறகு சனிக்கிழமை எல்லாம் ஒரேயடியா இஞ்சால ஓடி வந்திட்டுதுகள். ஏனெண்டு விளங்கேல்லை."

எனக்கு விளங்கும். சனிக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

படம் பிடிக்கிறவர்கள் எட்டுப் பேர். வெகு முன்னமே இடம் கேட்டு வைத்திருந்தார்கள். வெள்ளவத்தை அன்ரி எழுதியதை வாசித்துவிட்டு வந்தவர்கள். நாள் முழுக்க வெளியில் அலைந்துவிட்டு, விறாந்தையில் பெரிய பெரிய கமராக்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் இன்னொருவரிடம், இறங்குதுறை விடுதியிலாவது குளித்திருக்கலாம் என்றார். மெல்லத்தான் சொன்னார். அப்பாவுக்குக் கேட்டது.

அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். "பிள்ளை, ஒருக்கா வாளியைத் தட்டிப் பார்."

"தொட்டியில தண்ணி இல்லையே அப்பா."

"வந்து பாத்திட்டுப் போகட்டுமன். ஒரு நாள்தானே."

அப்பா தட்டச் சொன்னார் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. எட்டுப் பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்துக்குக் குதிரை வரும் என்று நான் ஏற்கெனவே அவர்களுக்குப் பெருமையடித்திருந்தேன். வருமா என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

தெற்கேயிருந்து புழுதி கிளம்பியது. ஓடி வந்தன. பிஸ்கட் எல்லாவற்றுக்கும் பின்னால், கால்கள் இடற இடற. எட்டுப் பேரும் படம் எடுத்தார்கள். ஒருவர், வெறும் தொட்டிக்குள் தலையை விட்ட குட்டியின் படம்தான் மிகச் சிறந்தது என்றார்.

இதையெல்லாம் நான் டிலானியிடம் சொல்லவில்லை. "எனக்கும் விளங்கேல்லை" என்றேன்.

ஓகஸ்ட் 30, வெள்ளி

அப்பா விடிய முதல் எழும்பி மண்வெட்டியோடு போய்விட்டார். நேற்று முழு நாளும் துரவில்தான் நின்றார். மாமாவும் நாரிக்குத் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினாராம். இன்று பின்னேரம் அப்பா முழங்கால் வரை சேற்றோடு வந்து, "ஊறத் தொடங்கியிட்டுது" என்றார். கை இரண்டும் கொப்புளம்.

ஆனால் குதிரைகள் போகவில்லை. மதிலடிப் பள்ளத்தில் நாங்கள் கழுவி ஊற்றும் தண்ணீரை நக்கிக்கொண்டு நிற்கின்றன. துரட்டியால் விரட்டினால் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வருகின்றன. துரவு வெறுஞ்சேறு என்று அவை பார்த்துவிட்டுத்தானே வந்தன?

பவுசர்த் தண்ணீரில் ஒரு கானை அம்மா அப்படியே எடுத்துக்கொண்டு போய், சட்டியில் விட்டுப் பிஸ்கட்டுக்கு வைத்தார். ஆண் குதிரை வந்து இடித்துச் சட்டி கவிழ்ந்தது. மண் குடித்துவிட்டது. அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஓகஸ்ட் 31, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலைத் தேத்தண்ணி குடிக்கும்போது நான்தான் சொன்னேன். "அப்பா, நான் வாளியைத் தட்டிக்கொண்டு முன்னுக்கு நடந்தா?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா எழும்பிப் போய் எனக்குத் தொப்பியும் தன்னுடைய செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். என்னுடையது வார் அறுந்தது.

வெயில் ஏற முதல் வெளிக்கிட்டோம். தகர வாளி என் இடக்கையில், ஒரு கல் வலக்கையில். டங், டங். சுட்டி தலையைத் தூக்கியது. தொட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் தொட்டியடியில் நிற்காமல் நடந்தேன். டங், டங். ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அப்பா அவற்றுக்குப் பின்னால் தள்ளி வந்தார். அம்மா மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளி தட்டையாகத்தான் தெரியும். நடந்தால்தான் அதன் நீளம் விளங்கும். புல் எல்லாம் கருகிச் சாம்பல் நிறம். முருகைக்கல் காலைக் குத்தியது. நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் குதிரைகளின் விலா எலும்புகள் தெரிந்தன. நான் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்று நம்பித்தான் அவை வந்தன. வாளிக்குள் ஒன்றுமில்லை.

பாதி தாண்டியிருக்கும். பின்னால் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்த அப்பாவின் குரல் மாறியது. திரும்பினேன். பிஸ்கட் விழுந்திருந்தது. முன்கால்கள் மடிந்து, ஏதோ முழங்காலில் நின்று கும்பிடுவதுபோல, பிறகு பக்கவாட்டில். சுட்டி திரும்பி அதனிடம் போய் மூக்கால் தள்ளியது.

நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதும் மற்றக் குதிரைகளும் நின்றன. ஒன்று இரண்டு திரும்பி எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கத் தொடங்கின.

"நிக்காதை!" என்று அப்பா கத்தினார். "தட்டிக்கொண்டு போ!"

"பிஸ்கட் அப்பா..."

"நான் நிக்கிறன் அதோட. நீ நிண்டா எல்லாம் திரும்பும். போ பிள்ளை! தட்டு!"

தட்டினேன். நடந்தேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று எண்ணிக்கொண்டு நடந்தேன், ஆனாலும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சுட்டி சின்னதாகிக்கொண்டு போனது. சத்தம் கேட்கிற போதெல்லாம் அது தலையைத் தூக்கியது. அவ்வளவு தூரத்திலும் அது தெரிந்தது. இரண்டடி எங்கள் பக்கம் வரும், பிறகு குட்டியிடம் திரும்பும். நான் தட்டத் தட்ட அது அப்படியே செய்தது. தட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

துரவடியில் டிலானியும் மாமாவும் நின்றார்கள். குதிரைகளுக்கு மணம் பிடித்துவிட்டது. என்னை இடித்துக்கொண்டு ஓடிச் சரிவில் இறங்கின. எல்லாம் குடித்தன. குடிக்கிற சத்தத்தை நான் இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை.

டிலானி என் கையிலிருந்து வாளியை வாங்க வந்தாள். விரல் திறபடவில்லை. "விடடி, இனித் தட்டத் தேவையில்லை" என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அந்த வாளியிலேயே தண்ணீர் அள்ளிக்கொண்டு இருவரும் திரும்பி ஓடினோம். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது.

அப்பா தன் சறத்தை அவிழ்த்து, உள்ளே போட்டிருந்த காற்சட்டையோடு, குட்டியின் மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அந்தத் தண்ணீரைச் சுட்டி குடித்தது.

செப்ரெம்பர் 1, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. உள்ளங்கையில் வாளிக் கம்பியின் தடம்.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

டிலானி சொல்கிறாள், எல்லாம் துரவடியில்தான் நிற்கின்றனவாம். சுட்டி மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறதாம்.

அவளிடம் ஓகஸ்ட் 24 பற்றிச் சொன்னேன். அவள் சைக்கிள் மணியை விரலால் சுழற்றிக்கொண்டே கேட்டாள். முடிவில், "எங்கட ஐயா, ஒருத்தரும் வராட்டியும் நான் தனியவாவது அள்ளியிருக்கலாம் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறார். உங்கட அப்பா?" என்றாள்.

அப்பா வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். தொட்டியைப் புரட்டி உள்ளே கொண்டுவருவோமா என்று கேட்டேன். "பாரம். பிறகு பாப்பம்" என்றார்.

அறைச் சுவரில் நான் ஒட்டியிருந்த பக்கத்தைக் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. "எங்கே தங்கலாம்" என்ற இரண்டு சொல் மட்டும் வரமாட்டேன் என்று சுவரிலேயே நிற்கிறது.

ஒக்ரோபர் 6, ஞாயிறு

போன் வந்தது. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். வெள்ளவத்தை அன்ரி.

"சாம்பவிதானே? எப்பிடியம்மா இருக்கிறீங்கள்? மார்கழி லீவுக்கு வருவம் எண்டு யோசிக்கிறம். இவள் அக்சரா விடுறாளில்லை. பிஸ்கட் வளந்திட்டாரோ எண்டு கேக்கிறாள். இருங்கோ, அவளிட்டக் குடுக்கிறன்."

"வேண்டாம் அன்ரி" என்று சொல்லிவிட்டேன். பிறகு, "லைன் வடிவா விளங்கேல்லை" என்றேன்.

"அறை இருக்குதோ?"

அறை இருக்கிறது. இரண்டும் காலி. மழை பெய்தால் கிணறும் மெல்ல மெல்லத் தெளியும் என்று அம்மா சொல்கிறார்.

"அன்ரி, நீங்கள் இறங்குதுறையடியில இருக்கிற விடுதியில தங்குங்கோ."

"ஏனம்மா? உங்கட வீட்டிலதானே குதிரையள் வரும்?"

"அங்க ஏசி இருக்கு அன்ரி. குதிரை பாக்கிறதெண்டா விடிய வெள்ளென நடந்து தெற்குப் பக்கம் போங்கோ. துரவுக்குக் கிட்டப் போகாமல் தள்ளி நிண்டு பாருங்கோ. தூரத்திலதான் தெரியும். அது காணும்."

அன்ரிக்குக் கொஞ்சம் மனவருத்தம்போல. "சரி, சரி" என்று வைத்துவிட்டார். அக்சராவின் கேள்விக்கு நான் மறுமொழி சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

அம்மா கத்தியைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த மீன் தலையைப் பூனைக்குப் போடு" என்றார்.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

மழை!

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து, ஒரேயடியாகக் கொட்டியது. அம்மா வீட்டிலுள்ள பானை, சட்டி, கான் எல்லாவற்றையும் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தார். அப்பா கடலுக்குப் போகவில்லை. முற்றத்தில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி நனைந்தார். "இஞ்சேர், குடையைப் பிடிச்சுக்கொண்டாவது வாவன்!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அப்பாவின் பகிடி.

பின்னேரம் மழை தூறலாகிவிட்டது. நான் விறாந்தையில் சமூகக்கல்வி படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மதிலுக்கு அப்பால் சுட்டி.

உடம்பெல்லாம் நனைந்து கறுத்திருந்தது. தொட்டியடியில் நின்றது. தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வெளியெங்கும் தண்ணீர், ஒவ்வொரு பள்ளத்திலும். அது எதையும் குடிக்கவில்லை. ஏன் இவ்வளவு தூரம் வந்தது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

பிறகுதான் எனக்கும் கேட்டது. கிணற்றுக் கட்டில் தகர வாளி கவிழ்ந்து கிடந்தது. கமுக மரத்து ஓலை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அதன் அடித்தகட்டில் விழுந்துகொண்டிருந்தது. டங். டங்.

சுட்டி காதை முன்னுக்கு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பிறகு தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தது, ஏதோ ஒன்று பிந்தி வருகிறதுபோல.

நான் மழைக்குள் இறங்கி ஓடிப்போய் வாளியை எடுத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன், ஒரு சொட்டும் அதில் விழாமல். சுட்டி இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. சத்தம் இனி இல்லை என்று தெரிந்த பிறகு தெற்குப் பக்கம் திரும்பி நடந்தது.

வாளியைக் குசினிக்குள் கொண்டுபோய்ப் பழைய சாக்கால் சுற்றி அலுமாரிக்குக் கீழே வைத்தேன். நாளைக்குக் கிணற்றுக்குப் பிளாஸ்ரிக் வாளி வாங்க வேண்டும்.